விலைப்பட்டியலில் இல்லாத ஒரு வரி

2013ஆம் ஆண்டு ஒரு சனிக்கிழமை காலை, சிங்கப்பூர் ஆற்றிலிருந்து நடந்து போகும் தொலைவில் இருந்த ஒரு கட்டுமானத் தளத்தில் மண் எடுத்துக்கொண்டிருந்தோம். எக்ஸ்கவேட்டர் ஓட்டிய புதுக்கோட்டைக்காரர் திடீரென்று இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினார். பள்ளத்தின் ஓரத்தில் குனிந்து எதையோ எடுத்து, கால்சட்டையில் துடைத்து, என்னிடம் நீட்டினார். கட்டைவிரல் கனத்தில், உள்ளங்கையில் அடங்கும் ஓர் ஓடு அது. ஒரு பக்கம் இளம்பச்சை மெருகு, அதில் வற்றிய குளத்தின் தரைபோல மெல்லிய வெடிப்புகள். மறுபக்கம் மெருகில்லாத சாம்பல் நிறம்.

“சார், இது ஏதோ பழைய சாமான் மாதிரி தெரியுது. எங்க ஊருல உழுதா இப்படித்தான் ஓடு ஓடா வரும்.”

“சரிண்ணே, ஓரமா வச்சிருங்க. லாரி நிக்குது.”

நான் சொன்னது அவ்வளவுதான். அந்தப் பள்ளத்தின் வெட்டுமுகம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. மேலே செம்மண்ணும் உடைந்த செங்கல்லும் கலந்த நிரப்புமண். அதற்குக் கீழே ஏறத்தாழ ஒரு சாண் கனத்தில் கரித்துண்டுகள் கலந்த கறுப்புப் பட்டை. அதற்கும் கீழே சாம்பல் நிறக் கடல் களிமண். திங்கட்கிழமை பைலிங் ரிக் (அடித்தளத் தூண்களை மண்ணில் இறக்கும் இயந்திரம்) வரவேண்டியிருந்தது என்பதால், மாலைக்குள் அந்தக் கறுப்புப் பட்டை முழுவதும் லாரிகளில் ஏறிப் போய்விட்டது. சிங்கப்பூரில் தோண்டி எடுக்கும் மண் வீணாவதில்லை. அது சேகரிப்புத் தளங்களுக்குச் சென்று, அங்கிருந்து கடலைத் தூர்த்து நிலமாக்கும் பணிக்குப் போகிறது. அன்று நாங்கள் அனுப்பிய மண்ணும் இன்று ஏதோ ஒரு புதிய கரையின் அடியில் கிடக்கும்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, தொல்லியல் தன்னார்வலர்களோடு சேர்ந்து ஓட்டுச் சில்லுகளைக் கழுவும் வேலைக்குப் போனபோதுதான் நான் அனுப்பியது என்னவென்று புரிந்தது. பிளாஸ்டிக் தட்டில் தண்ணீர், பழைய பல்துலக்கும் பிரஷ், உலரவைக்க வலைத்தட்டு, ஒவ்வொரு பையிலும் குழி எண்ணும் அடுக்கு எண்ணும் எழுதிய சீட்டு. என் தட்டில் வந்து விழுந்த மூன்றாவது துண்டு அதே இளம்பச்சை, அதே வெடிப்பு. பக்கத்தில் இருந்த மாணவி, இது சீனாவின் லோங்சுவான் சூளைகளில் செய்த பசுமெருகுப் பீங்கான், 14ஆம் நூற்றாண்டாக இருக்கும் என்று வெகு இயல்பாகச் சொன்னாள். அவள் அந்தச் சீட்டை மட்டும் தொடவே விடவில்லை. துண்டு தொலைந்தாலும் பரவாயில்லை, சீட்டு மாறிவிட்டால் துண்டு இருந்தும் பயனில்லை என்பது அவளுடைய கண்டிப்பு. எந்த அடுக்கில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்பதே அந்த ஓட்டின் பேச்சு. அன்று புதுக்கோட்டை அண்ணன் கையில் கொடுத்தது ஓடு மட்டும். அதன் பேச்சை நான் லாரியில் ஏற்றிவிட்டேன்.

நான் அடித்தளப் பொறியாளன். கட்டுமானமே என் சோறு. கட்டடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சொல்லவும் கூடாது. சுதந்திரம் பெற்றபோது இந்தத் தீவின் பரப்பு ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டர். கடலைத் தூர்த்துத் தூர்த்து இப்போது 730ஐத் தாண்டியிருக்கிறோம். அதற்குள்தான் வீடு, துறைமுகம், விமான நிலையம், ராணுவப் பயிற்சி நிலம், நீர்த்தேக்கம் எல்லாம் அடங்கவேண்டும். இத்தகைய ஊரில் “பழையதைத் தொடாதே” என்பது நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டாலும் நடைமுறைக்கு வராத பேச்சு. ஆனால் கட்டுவதா காப்பதா என்று கேட்பதே தவறான கேள்வி என்பது, இருபது ஆண்டு மண்ணோடு புழங்கியபின் நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு. எப்போது பார்க்கிறோம் என்பதுதான் கேள்வி. ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பா, எக்ஸ்கவேட்டர் இறங்கிய பின்பா?

பின்னால் பார்த்ததால் நேர்ந்த இழப்புக்கு இந்த ஊரில் மிகப் பழைய சாட்சி ஒன்று இருக்கிறது. ஆற்றின் முகத்துவாரத்தில், ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரமும் அதே அளவு அகலமுமாக, சுமார் 50 வரி எழுத்துகளோடு ஒரு பெரும் பாறை நின்றது. 1843இல் கோட்டை வேலைக்கும் ஆற்றுவாயை அகலப்படுத்துவதற்கும் இடைஞ்சலாக இருக்கிறது என்று பிரிட்டிஷ் பொறியாளர்கள் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். சில துண்டுகள் கல்கத்தாவுக்குப் போயின. பெரிய துண்டு ஒன்றைக் கைதிகளைக் கொண்டு உடைத்துச் சாலைக்குச் சல்லியாகப் போட்டுவிட்டார்கள் என்று அக்காலத்து வணிகர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். எஞ்சிய ஒரு துண்டு இப்போது தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதன் எழுத்தை இன்றுவரை யாரும் முழுமையாக வாசிக்கவில்லை. 2019இல் இயன் சின்கிளேர் என்ற ஆய்வாளர் அதில் சில எழுத்துகளைக் ‘கேசரிவ’ என்று வாசிக்க இடமுண்டு, அது ‘பரகேசரிவர்மன்’ என்ற சோழப் பட்டத்தின் பகுதியாக இருக்கலாம் என்று முன்வைத்தார். பரகேசரி என்றால் முதலாம் ராஜேந்திரனும் நினைவுக்கு வருவான், 1025இன் கடாரப் படையெடுப்பும் நினைவுக்கு வரும். தமிழ் வாசகர்கள் பலர் இதைக் கேட்டவுடன் உள்ளம் துள்ளுவதைப் பார்த்திருக்கிறேன், எனக்கும் துள்ளியது. ஆனால் இது ஒரு கருத்து மட்டுமே. அதை நிறுவவோ மறுக்கவோ தேவையான மற்ற வரிகள் சல்லியாகிப் போய்விட்டன. அந்த வெடிமருந்து ஒரு கல்லை மட்டும் அழிக்கவில்லை, ஒரு கேள்விக்கு விடை கிடைக்கும் வாய்ப்பையே அழித்துவிட்டது.

அதே ராஜேந்திரன் தலைநகர் அமைத்த கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அருகேதான் என் ஊர், ஜெயங்கொண்டம் பக்கம். 1836இல் அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது அந்தக் கோயிலின் சுற்றுமதில் கற்களைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். ஏழே ஆண்டு இடைவெளியில், ஒரே ஆட்சியின் பொறியாளர்கள், வங்கக்கடலுக்கு இந்தப் புறமும் அந்தப் புறமும் ஒரே வேலையைச் செய்திருக்கிறார்கள். அந்த அணை இன்றும் வயல்களுக்குத் தண்ணீர் தருகிறது, எங்கள் குடும்பமும் அந்தப் பாசனத்து நெல்லைச் சாப்பிட்டு வளர்ந்ததுதான். ஆகவே அந்தப் பொறியாளர்களைத் திட்டிவிட்டுக் கடந்துபோக என்னால் முடியவில்லை. அரண்மனை இருந்த மாளிகைமேட்டுப் பக்கத்தில் மாட்டுக்கொட்டகைச் சுவரில் அகலமான, தட்டையான பழைய செங்கற்களைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அவற்றைப் பெயர்த்தவர்களும் கெட்டவர்கள் அல்லர். கையருகே கல் கிடந்தது, எடுத்தார்கள். எடுக்குமுன் ஒருவர் வந்து பார்த்துக் குறித்துக்கொள்ளும் ஏற்பாடு இல்லை, அவ்வளவுதான்.

அந்த ஏற்பாடு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சிங்கப்பூரிலேயே சான்றுகள் உண்டு. 1928இல் ஃபோர்ட் கேனிங் குன்றில் நீர்த்தேக்கத்துக்காகத் தோண்டிய தொழிலாளர்கள் பொன் நகைகளைக் கண்டெடுத்தார்கள். காலன் முகம் பொறித்த, ஜாவாவின் மஜபாகித் பேரரசுக் காலத்துச் சாயல் கொண்ட கைக்காப்பை இன்றும் அரும்பொருளகத்தில் பார்க்கலாம். நகை கிடைத்தது, ஆனால் அது கிடந்த மண்ணை யாரும் படிக்கவில்லை. 1984இல் தொல்லியலாளர் ஜான் மிக்சிக் அதே குன்றில் முறையாக அகழ்ந்தபோதுதான் அடுக்குகளின் வழியே 14ஆம் நூற்றாண்டு ஊர் வெளிப்பட்டது. அதன்பின் நாடாளுமன்ற வளாகம், செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம், எம்பிரஸ் பிளேஸ் என்று அடுத்தடுத்து நடந்த அகழாய்வுகளின் விளைவாக, 2014இல் இடைநிலைப் பள்ளி வரலாற்றுப் பாடநூல் 1819க்குப் பதிலாக 1300ஐ ஒட்டித் தொடங்கியது. என் மகள் படித்தது அந்தப் பாடநூல்தான். 1819இல் பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் வந்தபோது இங்கே ஒரு மீன்பிடி கிராமம் மட்டுமே இருந்தது என்று அவளுடைய தலைமுறை நம்பவில்லை. ஓட்டுச் சில்லுகள் ஒரு நாட்டின் வயதை ஐந்நூறு ஆண்டு கூட்டியிருக்கின்றன என்பதை நான் பெரிய செய்தியாக நினைக்கிறேன்.

இன்னொன்றையும் எண்ணிப்பாருங்கள். 1822இல் பிரிட்டிஷ் அதிகாரி ஜான் கிராஃபர்ட் இங்கே வந்தபோது, இன்றைய ஸ்டாம்ஃபர்ட் சாலையை ஒட்டி ஓடிய ஓடைக்கரையில் பழைய ஊரின் மண்மதிலை நேரில் பார்த்து, அடியில் சுமார் 16 அடி அகலம், உயரம் எட்டு ஒன்பது அடி என்று அளந்து குறித்துவைத்தார். அந்த மதில் விரைவிலேயே நகரத்துக்குள் கரைந்துபோனது. ஆயினும் பழைய ஊரின் எல்லை எதுவரை என்று இன்று நாம் பேச முடிவது, ஒருவர் குறித்துவைத்துவிட்டுப் போனதால்தான். காப்பாற்ற முடியாத ஒன்றைக்கூடப் பதிவு செய்து வழியனுப்பலாம்.

எம்பிரஸ் பிளேஸில் 2015இல் மீண்டும் அகழ்ந்தபோது நடந்ததை நான் அடிக்கடி என் சக பொறியாளர்களிடம் சொல்வேன். நாட்டின் சுதந்திரப் பொன்விழா ஆண்டுக்காக அந்த வளாகத்தைச் சீரமைக்கத் திட்டமிட்டபோது, கட்டுமானம் தொடங்கும் முன்பே தொல்லியலாளர்களுக்கு இடமும் நாள்களும் ஒதுக்கப்பட்டன. ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் பரப்பில், மூன்று டன்னுக்கு மேற்பட்ட தொல்பொருள்கள் கிடைத்தன. எதிர்பார்த்ததைவிட மிகுதியாகக் கிடைத்ததால் காலமும் நீட்டிக்கப்பட்டது. அதன்பின் சீரமைப்பும் நடந்து முடிந்தது, இன்று அங்கே மக்கள் நடக்கிறார்கள். எதுவும் நின்றுபோகவில்லை.

ஆனால் அது அரசு நிலம், அரசுத் திட்டம். தனியார் தளத்தில் நிலைமை வேறு. தளத்துக்குத் தளம் முடிவெடுக்கும் வழக்கம் இருக்கிறதே தவிர, கட்டுமானம் தொடங்கும் ஒவ்வொரு தளத்திலும் முன்கூட்டியே தொல்லியல் பார்வை நடந்தாகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இங்கேதான் நான் என் தொழிலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்த விவாதங்களில் சட்டமும் உணர்வும் பேசப்படுகிற அளவுக்கு ஒப்பந்தம் பேசப்படுவதில்லை.

ஒப்பந்தத்தில் ஒவ்வொரு வேலைக்கும் அளவும் விலையும் குறிக்கும், பி.ஓ.க்யூ. என்று நாங்கள் அழைக்கும் அளவைப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் ஒரு வரி உண்டு. எதிர்பாராத பாறை தட்டுப்பட்டால் அதற்கு ஒரு வரி. நிலத்தடி நீர் வடிக்க ஒரு வரி. பக்கத்துக் கட்டடம் இறங்குகிறதா என்று கண்காணிக்க ஒரு வரி. வரி இருந்தால் பணம் உண்டு, பணம் இருந்தால் நாளும் உண்டு. தொல்லியலுக்கு வரி இல்லாத தளத்தில் ஓர் ஓடு கிடைத்தால் என்ன ஆகும்? ரிக் நின்றால் வாடகை ஓடும். நாள் தவறினால் தாமத அபராதம் ஏறும். அந்தச் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்தில் எங்கும் எழுதியிருக்காது. ஆகவே முதலாளி முதல் ஃபோர்மேன் வரை எல்லோருக்கும் அந்த ஓடு கண்ணில் படாமல் இருப்பதே நல்லது என்றாகிவிடுகிறது. அன்று என்னை யாரும் மிரட்டவில்லை, மறைக்கச் சொல்லவும் இல்லை. பட்டியலில் அதற்கென்று வரி இல்லை என்பதே போதுமானதாக இருந்தது.

இங்கிலாந்தில் இந்த முடிச்சு அவிழ்ந்த விதம் கவனிக்கத்தக்கது. 1989இல் லண்டனில், தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், ஓர் அலுவலகக் கட்டடத்துக்கான இடத்தில் 1587இல் கட்டப்பட்ட ரோஸ் நாடக அரங்கின் அடித்தளம் வெளிப்பட்டது. நடிகர்களும் பொதுமக்களும் தெருவில் இறங்கினார்கள். கடைசியில் கட்டடத்தின் வடிவமைப்பை மாற்றி, அரங்கத்தின் எச்சங்களைக் கீழே காத்து, மேலே கட்டினார்கள். நேரம் கடந்தபின் செய்ததால் செலவும் மனக்கசப்பும் மிகுதி. அடுத்த ஆண்டே, 1990இல், திட்ட அனுமதி கேட்கும் கட்டத்திலேயே தொல்லியல் மதிப்பீடு நடக்கவேண்டும், அதன் செலவு திட்டச் செலவின் பகுதி என்ற வழிகாட்டுதல் வந்தது. அதற்குப்பின் கட்டுநர்கள் அதைப் பாறை, நீர் போல மற்றொரு நிலப் பிரச்சினையாகவே எடுத்துக்கொண்டார்கள். மறுபுறம் ஹாங்காங்கில், ரயில் பாதைப் பணியின் நடுவே 2014இல் சீனாவின் சோங் அரசமரபுக் காலத்துக் கிணறுகள் வெளிப்பட்டதால், வேலை தடைபட்டு, நிலையத்தின் வடிவமைப்பே மாறவேண்டிவந்தது. பின்னால் தெரியவருவதற்குக் கொடுக்கும் விலை அது.

பொறியாளர்களுக்கு மட்டும் ஒரு செய்தி. இங்கிலாந்தின் யார்க் நகருக்காக 1991இல் தயாரிக்கப்பட்ட ஆய்வு, தூண்களை நன்றாக இடைவெளி விட்டு அமைத்தால் தொல்லியல் அடுக்கில் 5 விழுக்காட்டுக்கு மேல் சேதப்படாமல் கட்ட முடியும் என்று காட்டியது. நாற்பது மீட்டர் ஆழம் போகும் பைல் பார்வைக்குப் பயங்கரமாக இருக்கும், ஆனால் பரப்பளவில் அது ஒரு சிறு வட்டம். பேஸ்மென்ட் அப்படியன்று. இரண்டு மாடிக் கார் நிறுத்துமிடத்துக்காகத் தோண்டினால் மேலே உள்ள அத்தனை நூற்றாண்டும் மொத்தமாகப் போகும். இந்த 5 விழுக்காட்டுக் கணக்கைப் பின்னாளில் பலர் விமர்சித்ததும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. பைல் நிலத்தடி நீரோட்டத்தை மாற்றிவிட்டால், ஈரத்தில் காற்றுப் புகாமல் கிடந்த மரமும் தோலும் மெல்ல உலர்ந்து மட்கிவிடும். ஆற்று முகத்துவாரத்து ஈரமண் உள்ள நம் ஊரில் இதைக் கட்டாயம் நினைக்கவேண்டும். எப்படியாயினும், பேஸ்மென்ட் வேண்டுமா என்பதை வரைபடத்தில் மாற்ற ஒரு மாலைநேரக் கூட்டம் போதும். பள்ளம் தோண்டியபின் யாராலும் மாற்ற முடியாது.

கடுமையான சட்டம் போட்டுவிட்டால் போதும் என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். எனக்குத் தயக்கம் உண்டு. இந்தியாவில் 2010இல் திருத்தப்பட்ட சட்டப்படி, மத்திய அரசு பாதுகாக்கும் ஒரு சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது, அதற்கடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வாங்கவேண்டும். என் தாய்மாமன் வீடு அப்படி ஒரு நூறு மீட்டருக்குள் இருக்கிறது. மகனுக்குக் கல்யாணமானபின் பின்கட்டில் ஓர் அறை கட்டிக்கொள்ள அவரால் முடியவில்லை. “கோயில கட்டுனவன் காலத்துலேர்ந்து நாங்களுந்தானப்பா இங்க இருக்கோம்” என்று அவர் ஒருநாள் சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை. மண்ணுக்கடியில் ஒன்றுமே இல்லாத இடத்தையும் நிறைய இருக்கும் இடத்தையும் ஒரே நூலால் அளக்கும் விதி, தன் அருகே வாழ்பவர்களையே அந்தக் கோயிலுக்கு எதிராகத் திருப்பிவிடுகிறது. முதலில் சோதனைக்குழி போட்டுப் பார்த்துவிட்டு, இருக்கும் இடத்தில் காத்து, இல்லாத இடத்தில் அவருடைய அறையைக் கட்டவிடுவதுதானே நேர்மை?

காக்கவே முடியாது என்றானபின் பதிவு செய்வதில் சிங்கப்பூர் முன்னேறியிருக்கிறது. புக்கிட் பிரவுன் கல்லறைத் தோட்டத்தின் ஊடே சாலை அமைக்க முடிவானபோது, ஏறத்தாழ 4,000 கல்லறைகள் தோண்டப்படும் முன் ஆவணப்படுத்தப்பட்டன. சாலை வேண்டாம் என்று போராடியவர்களின் வருத்தம் தீரவில்லை, அது எனக்குப் புரிகிறது. ஆனால் அவர்கள் போராடாமல் இருந்திருந்தால் அந்த அளவுக்குப் பதிவும் நடந்திருக்காது என்றே நம்புகிறேன். 2022இல் பாடாங் திடல் நாட்டின் 75ஆவது தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஒரு கட்டடம் அல்லாமல் ஒரு வெட்டவெளி அந்தத் தகுதியைப் பெற்றது அதுவே முதல்முறை. நிலமும் ஓர் ஆவணம் என்று அரசு ஏற்றுக்கொண்டிருக்கிறது என நான் அதை வாசிக்கிறேன்.

இனி நான் முன்வைப்பது சிறிய யோசனை, என் துறைக்காரர்கள் யாரும் செய்யக்கூடியது. எந்தத் தளமானாலும் நாம் முதலில் துளையிட்டு மண் எடுத்துப் பார்க்கிறோம். எந்த ஆழத்தில் என்ன மண் என்று எழுதும் அந்தத் துளைப் பதிவேட்டில், அதாவது போர் லாக்கில் (bore log), முதல் மூன்று மீட்டரை நாங்கள் பெரும்பாலும் படிப்பதே இல்லை. ‘நிரப்புமண்’ என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டு, பாறை எங்கே என்று கீழே போய்விடுகிறோம். தொல்லியலாளருக்கு வேண்டியது அந்த மூன்று மீட்டர்தான். பழைய ஊர் இருந்த ஆற்றோரம், குன்றடிவாரம், பழைய கடற்கரை ஆகிய பகுதிகளிலாவது, மேல்மண் மாதிரியைத் தூக்கி எறியுமுன் தொல்லியல் பயின்ற ஒருவர் பார்க்கட்டும். ஏதேனும் தெரிந்தால் நான்கைந்து சோதனைக்குழிகள். அவற்றுக்கு ஒப்பந்தத்தில் முன்கூட்டியே ஒரு தொகையும் சில வாரங்களும். எடுத்ததைக் கழுவி, வகைப்படுத்தி, எழுதி முடிக்கவும் அதே வரியில் பணம் வேண்டும். ஒருநாள் தோண்டியதைக் கழுவிப் பிரிக்கவே பல நாள் ஆகும் என்பது அந்தத் தட்டின் முன் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

புதுக்கோட்டை அண்ணன் 2018இல் ஊர் திரும்பிவிட்டார். போகுமுன் ஒருநாள் தேக்கா சந்தையில் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, “அந்த ஓடு என்னா சார் ஆச்சு?” என்று கேட்டார். சைட் ஆபீஸ் ஜன்னலோரம் வைத்திருந்தேன், ஆபீஸைப் பிரித்தபோது போய்விட்டது என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை ஆண்டு கழித்தும் அவர் அதை மறக்கவில்லை என்பதே எனக்குப் போதுமான தண்டனையாக இருந்தது.

இப்போது என் மேசையில் வேறொரு தளத்தின் போர் லாக் இருக்கிறது. ஏழாவது துளை, 1.6 மீட்டரிலிருந்து 1.9 மீட்டர் வரை: “கறுப்பு வண்டல், கரித்துண்டுகள், சுட்ட மண் துணுக்குகள்.” துளையிட்ட இளைஞன் ‘நிரப்புமண்’ என்று எழுதாமல் பார்த்ததை எழுதியிருக்கிறான். அவனை அழைத்து, அந்த மாதிரிப் பெட்டியை மூடி நிழலில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஒப்பந்தப்புள்ளிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. வியாழக்கிழமை உரிமையாளர் தரப்போடு கூட்டம். அளவைப் பட்டியலில் சேர்க்கவேண்டிய வரியை எழுதி முடித்துவிட்டேன், தொகையை மட்டும் நிரப்பவேண்டும்.